விழுந்துகொண்டே இருக்கும் சந்திரன்

மரத்திலிருந்து உதிரும் கனி தரையை நோக்கி வருகிறது. மேலே எறிந்த கல்லும் சிறிது நேரத்தில் கீழே திரும்பிவிடுகிறது. ஆனால் பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், தாங்குவாரும் தூக்குவாரும் இன்றி உலவும் சந்திரன் மட்டும் ஏன் நம் தலைமேல் விழுவதில்லை? சிறு குழந்தைகள் கேட்கும் கேள்வி இது. இதற்குச் சரியான விடையைக் காண மனிதகுலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

அந்த நீண்ட வரலாற்றில் ஒன்றை மட்டும் நான் இன்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். விடை தாமதித்ததற்குக் காரணம் அறிஞர்களின் அறிவுக் குறைவு அன்று. அவர்கள் எழுப்பிய கேள்வியே தவறான திசையை நோக்கி இருந்தது. கேள்வி திருந்திய பிறகு, விடை ஒரே தலைமுறையில் கிடைத்துவிட்டது.

பழங்காலத்துக் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், மண்ணுலகத்துக்கு ஒரு நியதியும் விண்ணுலகத்துக்கு வேறொரு நியதியும் உண்டு என்று கருதினார். மண்ணுலகப் பொருள்கள் விழும். விண்ணுலகப் பொருள்களோ வட்டமாகச் சுற்றும். சுற்றுவதே அவற்றின் இயல்பு. கிரகங்கள் கண்ணுக்குத் தெரியாத கோளக் கூடுகளில் பதிந்திருப்பதாகவும், அக்கூடுகள் சுழல்வதால் கிரகங்களும் சுழல்வதாகவும் அவர் வழிவந்தோர் நம்பினர். 1543-ஆம் ஆண்டில் கோபர்னிகஸ், பூமியும் சூரியனைச் சுற்றும் ஒரு கிரகமே என்று எழுதினார். 1577-இல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. டென்மார்க்கைச் சேர்ந்த டைக்கோ பிராஹி அதைக் கவனமாக அளந்து, அது சந்திரனுக்கும் அப்பால் இருக்கிறது என்று காட்டினார். கோளக் கூடுகள் கெட்டிப் பொருளாக இருந்தால், வால்நட்சத்திரம் அவற்றை ஊடுருவிச் செல்வது எங்ஙனம்? கூடுகள் நொறுங்கின. அப்படியானால் கிரகங்களைச் சுமந்து செல்வது எது?

இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாட் கேள்வியாக ஏற்றுக்கொண்டவர் ஜெர்மானியரான யோஹான்னஸ் கெப்ளர். டைக்கோ விட்டுச் சென்ற அளவுகளை வைத்துக்கொண்டு செவ்வாயின் பாதையை அவர் கணித்தார். வட்டங்களைக் கொண்டு அவர் அமைத்த பாதைக்கும் டைக்கோவின் அளவுக்கும் 8 கலை வேறுபாடு வந்தது. ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பூரண சந்திரனின் அகலத்தில் நாலில் ஒரு பங்குதான் அந்த வேறுபாடு. வேறொருவராக இருந்தால் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். கெப்ளரோ டைக்கோ அத்தனை பிழை செய்யக்கூடியவர் அல்லர் என்று அறிந்திருந்தார். ஆகவே தம் உழைப்பையே தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினார். கிரகத்தின் பாதை வட்டமன்று, நீள்வட்டம் என்ற உண்மை 1609-இல் அவருடைய நூலில் வெளிவந்தது. 1619-இல் மற்றோர் உண்மையையும் வெளியிட்டார். சூரியனிலிருந்து கிரகத்தின் சராசரித் தூரத்தை மும்முறை பெருக்கினால் வரும் எண்ணும், அது சுற்றிவரும் காலத்தை இருமுறை பெருக்கினால் வரும் எண்ணும் எல்லாக் கிரகங்களுக்கும் ஒரே விகிதத்தில் இருக்கின்றன. வியாழன் பூமியைப் போல 5.2 மடங்கு தூரத்தில் இருந்து, 11.86 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். இரு பக்கமும் ஏறத்தாழ 141 வரும்.

பாதையின் வடிவத்தைக் கண்ட கெப்ளர், காரணத்தைக் காணவில்லை. தள்ளுவது நின்றால் பொருளும் நின்றுவிடும் என்று அவர் நம்பினார். எனவே, கிரகத்தை அதன் பாதை வழியே முன்னோக்கித் தள்ளுவது எது என்று தேடினார். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. அதிலிருந்து புறப்படும் ஒரு சக்தி, சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுழன்று கிரகங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று அவர் எண்ணினார். வண்டி ஓட வேண்டுமானால் மாடு இழுக்க வேண்டும் என்பது நம் அன்றாட அனுபவமாதலால், அந்த எண்ணம் நமக்கு விசித்திரமாகத் தோன்றாது.

அந்த அனுபவத்தைச் சோதித்தவர் இத்தாலியரான கலிலியோ. சமதளத்தில் உருளும் பந்து நிற்பதற்குக் காரணம், அதைத் தள்ளுவார் இல்லாமை அன்று. தரையின் உராய்வு அதைத் தடுத்துவிடுகிறது. தடை குறையக் குறையப் பந்து நெடுந்தூரம் செல்லும். தடையே இல்லாவிட்டால் ஓட்டம் ஓயாது. பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், 1644-இல் வெளியிட்ட நூலில், தடையற்ற ஓட்டம் நேர்கோட்டில்தான் இருக்கும் என்று திட்டமாகக் கூறினார். அவர் காட்டிய உதாரணம் கவண். கவணில் வைத்துச் சுழற்றும் கல் வட்டமாகச் செல்கிறது. ஆனால் கவணை விட்டதும் அது வட்டத்தைத் தொடர்வதில்லை; விட்ட கணத்தில் எத்திசை நோக்கி இருந்ததோ அத்திசையில் நேராகப் பாய்கிறது. அதை வளைத்து வைத்திருந்தது கயிற்றின் இழுப்பே.

இத்தனை தெளிவாகக் கூறிய டேக்கார்ட், கிரகங்களுக்கு வந்தபோது மட்டும் வேறு வழி சென்றார். வெளி முழுவதும் ஒரு நுண்பொருள் நிறைந்து சுழித்தோடுவதாகவும், ஆற்றுச் சுழலில் அகப்பட்ட துரும்பைப் போலக் கிரகங்கள் அதில் அடித்துச் செல்லப்படுவதாகவும் அவர் கற்பித்தார். தொடாத பொருள் மற்றொரு பொருளை இழுக்க முடியும் என்பதை அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் மந்திரவாதத்துக்கு ஒப்பானதாகக் கருதினர்.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர் இலண்டன் ராயல் சொஸைட்டியைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். 1674-இல் அவர் அச்சிட்ட ஒரு சொற்பொழிவில் மூன்று கருத்துக்கள் காணப்படுகின்றன. விண்ணுலகப் பொருள்கள் ஒன்றையொன்று தம் மையத்தை நோக்கி ஈர்க்கின்றன. ஓடும் பொருள் எதுவும், வேறொரு சக்தி அதை வளைக்கும்வரை நேர்கோட்டிலேயே ஓடும். நெருங்க நெருங்க ஈர்ப்பு வலுக்கும். ஆகவே, கிரகத்தை முன்னே தள்ளுவது எது என்று கேட்கத் தேவையில்லை. அது தானே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நேர்வழியிலிருந்து வளைப்பது எது என்பதே கேட்க வேண்டியது. 1679-ஆம் ஆண்டு இறுதியில் ஹூக் இக்கருத்தைக் கடிதம் மூலம் கேம்பிரிட்ஜில் இருந்த ஐசக் நியூட்டனுக்கு எழுதினார். ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, அதாவது தூரம் இருமடங்கானால் ஈர்ப்பு நாலில் ஒன்றாகிறது என்ற ஊகத்தையும் அடுத்த மாதம் தெரிவித்தார். ஆனால் ஊகத்தைக் கணிதமாக்கும் வல்லமை ஹூக்கிடம் இல்லை.

நியூட்டன் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 1665-இல் கொள்ளைநோயின் காரணமாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் தம் சொந்த ஊரான வுல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார். தோட்டத்தில் ஆப்பிள் விழக் கண்டு ஈர்ப்பைப் பற்றிச் சிந்தித்ததாக, முதுமையில் 1726-இல், வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பரிடம் அவரே கூறினார். ஆப்பிள் தலையில் விழுந்தது என்பது பிற்காலத்தார் சேர்த்த அலங்காரம். அக்காலத்தில் பூமியில் பொருள்கள் விழும் விசையையும், சந்திரன் விலகியோட முயலும் விசையையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். சந்திரன் பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையுமானால், விகிதம் 60-இன் வர்க்கமாகிய 3,600 ஆக வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ 4,000-க்கும் மேல். அவர் எடுத்துக்கொண்ட பூமியின் அளவு உண்மையைவிடச் சிறியது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

1669, 1670 ஆண்டுகளில் பிரெஞ்சு நாட்டில் பிக்கார்ட் என்பவர் நிலத்தை முறையாக அளந்து, பூமியின் உண்மையான பருமனைக் கண்டார். அந்த அளவைக் கொண்டு கணக்கிட்டால் என்ன வருகிறது? இதை நீங்களே செய்து பார்க்கலாம். பூமியின் மேற்பரப்பில் கைவிட்ட பொருள் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600 ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். இனிச் சந்திரனைப் பாருங்கள். 27 நாளும் ஏறத்தாழ 8 மணியும் கொண்ட காலத்தில் அது ஒரு முறை சுற்றுகிறது. ஒரு விநாடியில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே செல்கிறது. அந்த ஒரு விநாடியில் அது நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணித்தால், வருவது அதே 1.36 மில்லிமீட்டர்! ஆப்பிளை விழச் செய்யும் சக்தியே சந்திரனையும் விழச் செய்கிறது. ஆப்பிள் ஒரு விநாடியில் விழும் தூரத்தைச் சந்திரன் ஒரு நிமிஷத்தில் விழுகிறது. அரிஸ்டாட்டில் மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையே எழுப்பிய மதில், இந்த எளிய வகுத்தற் கணக்கில் இடிந்து போயிற்று.

மாணவர்கள் பலர் இங்கே ஓரிடத்தில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். "ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, வேறொரு விசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருப்பதால் சந்திரன் விழாமல் நிற்கிறது" என்று அவர்கள் எழுதுவார்கள். பூமியில் இருந்துகொண்டு பார்ப்பவருக்கு இது பொருந்தாது. இரு விசைகளும் சமமாகி ஒன்றையொன்று நீக்கிவிட்டால் சந்திரன் நேர்கோட்டில் ஓடி மறைந்தே போகும். சந்திரன் மெய்யாகவே விழுகிறது. ஒவ்வொரு விநாடியும் விழுகிறது. ஆனால் விழுகின்றபோதே பக்கவாட்டில் விரைவதால், அது விழும் அளவுக்குப் பூமியின் வளைவும் விலகிப் போகிறது. பக்கவாட்டு ஓட்டம் திடீரென்று நின்றுவிட்டால், ஐந்து நாளுக்குள் அது பூமியில் வந்து மோதும். ஈர்ப்பு திடீரென்று நின்றுவிட்டால், கவணை விட்ட கல்லைப் போல நேரே போய்விடும். விழுதலும் விரைதலும் கூடியதே சுற்றுதல்.

1684 ஜனவரியில் ஹூக், வானநூல் அறிஞர் எட்மண்ட் ஹாலி, கட்டடக் கலைஞரான கிறிஸ்டபர் ரென் ஆகிய மூவரும் இலண்டனில் கூடிப் பேசினர். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையுமானால் கிரகத்தின் பாதை என்னவாகும் என்பதே பேச்சு. இரண்டு மாதத்தில் நிரூபிப்பவருக்கு நாற்பது ஷில்லிங் விலையுள்ள புத்தகம் தருவதாக ரென் அறிவித்தார். நிரூபணம் தம்மிடம் இருப்பதாக ஹூக் சொன்னார்; ஆனால் காட்டவில்லை. ஆகஸ்டு மாதம் ஹாலி கேம்பிரிட்ஜுக்கே சென்று நியூட்டனிடம் அதே கேள்வியைக் கேட்டார். நீள்வட்டம் என்று தயங்காமல் விடை வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டபோது, கணக்கிட்டிருப்பதாக நியூட்டன் கூறினார். காகிதங்களைத் தேடினார், அகப்படவில்லை. மீண்டும் எழுதி அனுப்புவதாக வாக்களித்தார். நவம்பரில் ஒன்பது பக்கங்கள் வந்து சேர்ந்தன. அவை வளர்ந்து வளர்ந்து 1687-இல் 'பிரின்சிப்பியா' என்னும் பெருநூலாயின.

அந்நூல் வெளிவராமலே போயிருக்கவும் கூடும். எண்ணம் என்னுடையது என்று ஹூக் உரிமை கொண்டாடினார். நியூட்டன் வெகுண்டு, மூன்றாம் பாகத்தையே நிறுத்திவிடுவதாக எழுதினார். ஹாலி பொறுமையாக அவரைச் சமாதானப்படுத்தினார். ராயல் சொஸைட்டியோ மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலை அச்சிட்டுப் பணத்தைச் செலவழித்துவிட்டிருந்தது. ஆகவே ஹாலி அச்சுச் செலவைத் தாமே ஏற்றார். சங்கம் தமக்குத் தரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாக, விற்காமற்போன அந்த மீன் நூலின் பிரதிகளையே அவர் பெற்றுக்கொண்டார். உலக விஞ்ஞானத்தின் தலைசிறந்த நூல் ஒன்று நமக்குக் கிடைத்ததற்கு, தம் பெயர் அட்டையில் வராது என்று தெரிந்தும் உழைத்த ஒரு நண்பரின் பெருந்தன்மையும் காரணம் என்பதை நாம் மறக்கலாகாது.

நூல் வந்த பின்னரும் ஐயங்கள் தீரவில்லை. ஈர்ப்பு எப்படி வெற்றிடத்தைக் கடந்து செயற்படுகிறது என்று ஹைகன்ஸ், லைப்னிட்ஸ் போன்றோர் கேட்டனர். அதற்குக் காரணம் கற்பிக்க நியூட்டன் மறுத்துவிட்டார். அளவு சரியாக வருகிறதா என்பதே அவருடைய உரைகல். அந்த உரைகல்லிலும் ஒரு சோதனை காத்திருந்தது. அதுவும் சந்திரனிடமிருந்தே வந்தது. சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவில் நிற்கும் இடம் நிலையானதன்று. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் அது வானத்தை ஒருமுறை சுற்றிவருகிறது. நியூட்டனின் விதிப்படி கணித்தபோது இந்த நகர்ச்சியில் பாதிதான் கிடைத்தது. 1747-இல் பிரெஞ்சுக் கணித மேதை கிளெரோ, நியூட்டனின் விதியைத் திருத்த வேண்டும் என்று பாரிஸ் அகாதெமியில் அறிவித்தார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. முன்பு சிறியவை என்று விட்டுவிட்ட உறுப்புக்களையும் சேர்த்து மீண்டும் கணித்தார். மறுபாதியும் வந்துவிட்டது! 1749-இல் அவரே தம் கூற்றைத் திரும்பப் பெற்றார். சூரியன் சந்திரனை ஈர்ப்பதன் விளைவை முழுமையாகக் கணக்கில் கொள்ளாமையே குறை. விதியில் குறை இல்லை.

பத்து ஆண்டுக்குள் மற்றொரு பரீட்சை வந்தது. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியது ஒரே வால்நட்சத்திரம் என்றும், 1758 வாக்கில் அது மீண்டும் வரும் என்றும் ஹாலி 1705-இல் எழுதியிருந்தார். 1742-இல் அவர் காலமானார். கிளெரோ, லலாந்து, நிக்கோல் ரேன் லெபோத் என்ற பெண்மணி ஆகிய மூவரும் பல மாதங்கள் இடைவிடாது கணக்கிட்டு, வியாழனும் சனியும் ஈர்ப்பதால் அதன் வரவு தாமதிக்கும் என்றும், அது 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை மிக நெருங்கும் என்றும், கணக்கு ஒரு மாதம் முன்பின்னாகலாம் என்றும் அறிவித்தனர். 1758 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, ஜெர்மனியில் பாலிட்ஸ் என்ற குடியானவர் தம் தொலைநோக்கியில் அதைக் கண்டார். 1759 மார்ச் 13-இல் அது சூரியனை நெருங்கிச் சென்றது. ஹாலி அதைக் காணவில்லை. ஆனால் வானம் அவர் வாக்கைக் காப்பாற்றியது.

நியூட்டன் மறைந்த பின் 1728-இல் வெளியான அவருடைய ஒரு நூலில் அழகான படம் ஒன்று உண்டு. உயர்ந்த மலையுச்சியிலிருந்து பொருள்கள் கிடையாக எறியப்படுகின்றன. வேகம் கூடக்கூட அவை தொலைவில் விழுகின்றன. போதுமான வேகம் கிடைத்தால், பொருள் விழாமல் பூமியைச் சுற்றி எறிந்த இடத்துக்கே வந்துவிடும். விநாடிக்கு 7.9 கிலோமீட்டர் அந்த வேகம். அவ்வளவு தூரத்தில் பூமியின் பரப்பு 4.9 மீட்டர் வளைந்து இறங்குகிறது. பொருளும் அதே 4.9 மீட்டர் விழுகிறது; ஆகவே தரையை எட்டுவதே இல்லை. 'பிரின்சிப்பியா' வெளிவந்து 270 ஆண்டுகளுக்குப் பின், 1957 அக்டோபர் 4-இல், சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவி அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்தது. அது 96 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. அந்த உயரத்தில் இருந்த மெல்லிய காற்று அதன் வேகத்தைக் குறைக்கவே, 1958 ஜனவரியில் இறங்கி எரிந்துபோயிற்று. சந்திரனின் வழியில் அத்தகைய தடை இல்லை.

நியூட்டனின் விதியே இறுதி வார்த்தை என்று நான் சொல்லவில்லை. புதன் கிரகத்தின் பாதை நூறாண்டுக்கு 43 விகலை அதிகமாகத் திரும்புவதை அவ்விதியால் விளக்க முடியவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய கொள்கை அதை விளக்கியது. கெப்ளருக்கு 8 கலை வழிகாட்டியது போல, ஐன்ஸ்டைனுக்கு 43 விகலை சான்று கூறியது. சிறிய வேறுபாட்டை அலட்சியம் செய்யாதவர்களுக்கே இயற்கை தன் கதவைத் திறக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர், தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் 'பிரின்சிப்பியா'வை விளக்கி ஒரு நூல் எழுதினார். அது 1995-இல் வெளிவந்தது. அவர் கையாண்ட முறை போற்றத்தக்கது. ஒவ்வொரு தேற்றத்துக்கும் முதலில் தாமே நிரூபணம் காண்பார். பிறகே நியூட்டனின் நிரூபணத்தைத் திறந்து ஒப்பிடுவார். எண்பது வயதைக் கடந்த மேதை, மாணவனைப் போல அமர்ந்து அப்படிக் கற்றார்.

மாணவ நேயர்களும் அவ்வழியைப் பின்பற்றலாம். சந்திரனின் தூரமும் அது சுற்றும் காலமும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, சந்திரன் ஒரு விநாடியில் எவ்வளவு விழுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1.36 என்ற எண் உங்கள் கைப்படத் தாளில் விழும்போது, ஈர்ப்பு விதி பிறர் சொல்லக் கேட்ட செய்தியாக இராது. நீங்களே கண்ட உண்மையாகிவிடும்.